‘எழுத்து ரெண்டாத் தெரியுது’ என்று பிள்ளை சொன்னால்...



நமது அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைப் பருவத் தேர்வு முடிந்ததும் நான் பார்ப்பது வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் மதிப்பெண் தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தது. அவனுடைய அத்தாவிடம் கேட்டேன். “எந்நேரமும் போன்தான் பாய். புத்தகத்தை எடுத்தா பத்து நிமிஷத்துல தலைவலிங்கிறான்” என்றார். பையனை அலுவலகத்துக்கு வரவழைத்து, இப்படியே போனால் உதவித்தொகையை நிறுத்த வேண்டியிருக்கும் என்று கடுமையாகச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்தபடி, “எழுத்து ரெண்டாத் தெரியுது மாமா” என்றான். போனைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவனுடைய மதரஸா உஸ்தாத் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். ஓதும்போது அடிக்கடி வரி தாவுகிறான். ‘ஃபா’ வரும் இடத்தில் ‘காஃப்’ என்று ஓதுகிறான். கேட்டால், ஒரு நுக்தா இருக்கும் இடத்தில் இரண்டு தெரிகிறது என்கிறான். மனப்பாடமாக ஓதச் சொன்னால் ஒரு பிழையும் இல்லை. உஸ்தாதுக்கு அதில் சந்தேகம் வந்திருக்கிறது. சோம்பேறித்தனமாக இருந்தால் மனப்பாடத்தில்தானே முதலில் தெரியும் என்பது அவர் கேள்வி. அவனுடைய தாயாரும் ஒன்றைக் கவனித்திருந்தார். போன் பார்த்தாலும் சரி, புத்தகம் படித்தாலும் சரி, ஒருக்களித்துப் படுத்து ஒரு கண்ணைத் தலையணையில் புதைத்துக்கொண்டுதான் பார்ப்பானாம்.

கண்ணாடிக் கடையில் சோதித்தார்கள். பார்வை 6/6, குறை ஒன்றுமில்லை என்றார்கள். அதன் பிறகு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. அவனுக்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக நன்றாகத் தெரிகிறது. கிட்டத்தில் படிக்கும்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்வதில்தான் குறை.

அன்று அவன் சொன்னதை நான் காதில் வாங்கியிருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது. நம் வீடுகளில் இதே போல் ஏச்சு வாங்கும் பிள்ளைகள் இன்னும் இருப்பார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

திரை பார்க்கும் மாணவர்களுக்குக் கண்ணில் வரும் தொந்தரவுகளில் இரண்டைப் பெற்றோர் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. ஒன்று கண் உலர்வது. மற்றொன்று இரு கண்களின் ஒருங்கிணைப்புக் குறைவது. இரண்டிலும் பிள்ளை “கண் வலிக்குது” என்றுதான் சொல்லும். காரணமும் மருத்துவமும் வேறு வேறு.

கண் ஏன் உலர்கிறது?

கண்ணீர் அழும்போது மட்டும் வருவதல்ல. கருவிழியின் மேல் எந்நேரமும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. விழியை ஒட்டிக் கோழை போன்ற ஒரு பூச்சு, அதன் மேல் நீர், அதற்கும் மேல் மிக மெல்லிய எண்ணெய். நீர் காற்றில் ஆவியாகிப் போகாமல் எண்ணெய்தான் மூடி போட்டு வைத்திருக்கிறது. அந்த எண்ணெயைச் சுரக்கும் சிறு சுரப்பிகள் இமைகளின் ஓரத்தில் வரிசையாக உள்ளன. நாம் கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் இமை அந்த எண்ணெயைப் பிழிந்து, படலத்தைப் புதிதாகப் பூசிவிடுகிறது.

சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை சிமிட்டுகிறார். திரையை உற்றுப் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே, 5 முதல் 7 முறை என்ற அளவுக்குக்கூடக் குறைந்துவிடுகிறது. அந்தச் சிமிட்டலும் பல நேரம் அரைகுறைதான். மேல் இமை பாதி தூரம் இறங்கி, அப்படியே திரும்பிவிடும். படலம் ஆங்காங்கே கிழிந்து விழி வெளியே தெரியும். எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், சிவப்பு, மங்கல் எல்லாம் அதனால் வருபவை.

நீட் தேர்வுக்குப் படித்த நம் பகுதி மாணவி ஒருவருக்குப் பாடம் முழுவதும் போனில்தான். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து இரவு வரை பார்ப்பார். கண்ணிலிருந்து நீராகக் கொட்டும். “இவ்வளவு தண்ணி வருது, கண்ணு காஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்றாரே” என்று அவருடைய தாயார் வியந்தார். இதில் வியப்பில்லை. விழி உலர்ந்து உறுத்தும்போது அதைத் தணிக்கத்தான் கண்ணீர் பெருகுகிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் போதிய எண்ணெய் இல்லாததால் நிலைத்து நிற்காமல் வழிந்துவிடுகிறது.

இரண்டு கண், ஒரே காட்சி

அடுத்து ஒருங்கிணைப்பு. ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உள்ளன. தூரத்தில் இருக்கும் மினாராவைப் பார்க்கும்போது இரு கண்களும் நேராக நிற்கின்றன. கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்க்க வேண்டுமானால் இரண்டும் மூக்கை நோக்கி உள்ளே திரும்ப வேண்டும். அதே நேரத்தில் கண்ணுக்குள் இருக்கும் லென்சும் கிட்டப் பார்வைக்கு ஏற்பத் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ள வேண்டும். பொருள் எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு அதிகம் திரும்ப வேண்டும். இதனால்தான் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடிப்பது, மடியில் புத்தகம் வைத்துப் படிப்பதைவிடக் கண்ணுக்குப் பெரிய உழைப்பு.

சில பிள்ளைகளுக்கு இப்படி உள்ளே திரும்பி, அங்கேயே நிலைத்து நிற்கும் திறன் குறைவு. மருத்துவச் சீட்டில் இதைக் ‘கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி’ என்று எழுதுவார்கள். பிள்ளை சிரமப்பட்டுக் கண்களைப் பிடித்து நிறுத்துகிறது. சிறிது நேரத்தில் களைத்துப் போய் ஒரு கண் வெளியே நழுவுகிறது. எழுத்து இரண்டாகிறது, அல்லது நீந்துவது போல் அசைகிறது. படித்த வரியையே மறுபடி படிக்கிறது. நெற்றி வலிக்கிறது. கடைசியில் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறது. இதைத்தான் நாம் சோம்பல் என்கிறோம்.

நம் மாநில ஆய்வு சொல்வது

இது எங்கோ அபூர்வமாக வருவதல்ல. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் நகர்ப்புறத்திலும் கிராமப்புறத்திலும் 7 முதல் 17 வயது வரையுள்ள 936 பள்ளி மாணவர்களைச் சோதித்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாறுகண் இல்லாமலே இரு கண் ஒருங்கிணைப்பில் கோளாறு உள்ளவர்கள் நகரத்தில் 31.5 சதவீதம், கிராமத்தில் 29.6 சதவீதம். மேலே சொன்ன உள்நோக்கித் திரும்பும் குறைபாடுதான் அவற்றில் அதிகம்: நகரத்தில் 16.5, கிராமத்தில் 17.6 சதவீதம். 7 முதல் 12 வயது வரை 25 சதவீதமாக இருந்த மொத்தக் கோளாறு, 13 முதல் 17 வயதில் 36.2 சதவீதமாக இருந்தது. குறை உள்ள எல்லாருக்கும் தொந்தரவு இருக்கும் என்பதில்லை. ஆனாலும் நாற்பது பேர் உள்ள வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல.

இந்த ஆய்வு கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளுக்கு முந்தையது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் பெரிய வேறுபாடும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் போன் மேல் போட்டுவிட முடியாது. போனே தொடாமல் ஹிஃப்ழு செய்யும் பிள்ளைக்கும் இந்தக் குறை இருக்கலாம். ஏற்கெனவே உள்ள குறையை நீண்ட நேரத் திரைப் பார்வை வெளியே கொண்டுவந்து வதைக்கிறது. போனைப் பிடுங்கி வைத்த பிறகும் பிள்ளைக்குப் படிக்கும்போது தலை வலித்தால், “இப்போது என்ன சாக்கு?” என்று கேட்காதீர்கள். அதுதான் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

6/6 என்றால் எல்லாம் சரியா?

கண்ணாடிக் கடையிலும் பள்ளி முகாமிலும் சுவரில் ஒரு அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணால் படிக்கச் சொல்வார்கள். அது தூரப் பார்வைக்கான சோதனை, அதுவும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக. கிட்டத்தில் இரு கண்களும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதை அந்த அட்டை காட்டாது. கண்ணீர்ப் படலத்தையும் காட்டாது. எனவே ‘பார்வை நன்றாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அது பொய்யல்ல. உங்கள் பிள்ளையின் தொந்தரவுக்கு அது பதிலும் அல்ல.

வீட்டில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

பிள்ளைக்கு எழுத்து சரியாகத் தெரியாத அந்த நேரத்திலேயே கேளுங்கள்.

முதல் கேள்வி: “நாலைந்து முறை நல்லா கண்ணைச் சிமிட்டிப் பாரு, தெளிவாகுதா?” தெளிவானால் உலர்வு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: “ஒரு கண்ணைக் கையால மூடிப் பாரு, சரியாகுதா?” இரண்டாகத் தெரிந்த எழுத்து ஒன்றானால் ஒருங்கிணைப்பில் குறை இருக்கலாம்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். ஒரு பேனாவின் முனையைப் பிள்ளையின் கண் மட்டத்தில் ஒரு முழ தூரத்தில் பிடித்து, மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டு வாருங்கள். முனை இரண்டாகத் தெரியும் இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு கண் விலகுகிறதா என்று நீங்களும் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளால் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தூரம் வரை பிடித்து நிறுத்த முடியும். அதற்கு வெகு முன்பே விலகினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை சந்தேகம் கொள்வதற்கான வழிகள் மட்டுமே. நோய் இதுதான் என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

மருத்துவமனையில் சொல்ல வேண்டியது

“கண் செக் பண்ணணும்” என்று மட்டும் சொன்னால் அட்டைச் சோதனையோடு முடிந்துவிடக்கூடும். “படிக்கும்போது எழுத்து ரெண்டாகிறது, வரி தாவுகிறது, தலை வலிக்கிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்வதையும் கண்ணீரையும் சோதித்துப் பாருங்கள்” என்று விவரமாகச் சொல்லுங்கள். பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிப் பிரிவே உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கண் பிரிவில் காட்டினால், எங்கே போக வேண்டும் என்று எழுதித் தருவார்கள். கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்குச் சரியான கண்ணாடி போட்டாலே தொந்தரவு பாதி தீர்வதும் உண்டு. ஆகவே முதலில் பவர் பார்ப்பார்கள்.

ஒருங்கிணைப்புக் குறைக்கு மருந்து கிடையாது, பயிற்சி உண்டு. அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பிள்ளைகளை வைத்து 12 வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2008இல் வெளியானது. மருத்துவமனைக்கு வந்து பயிற்சி செய்து, வீட்டிலும் தொடர்ந்தவர்களில் 73 சதவீதம் பேர் குணமானார்கள் அல்லது நல்ல முன்னேற்றம் கண்டார்கள். வீட்டில் மட்டும் பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து பயிற்சி செய்தவர்களில் இது 43 சதவீதம்தான். ஆகவே காணொளி பார்த்து நாமே பயிற்சி கொடுப்பதை நம்பி இருக்க வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஆய்வுக் குழு 2019இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், உண்மையான பயிற்சி பெற்ற பிள்ளைகளும் பெயரளவுக்குப் பயிற்சி பெற்ற பிள்ளைகளும் படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனில் ஒரே அளவில்தான் இருந்தார்கள். கண் பயிற்சி தலைவலியையும் இரட்டைக் காட்சியையும் போக்கலாம். பாடத்தை அது படித்துத் தராது. “கண் பயிற்சியால் மார்க் கூடும்” என்று யாராவது விளம்பரம் செய்து பணம் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 வினாடி பார்க்கச் சொல்லுங்கள். சன்னலுக்கு வெளியே தெரியும் மரம், தெருமுனைக் கம்பம் எதுவானாலும் சரி. தொழுகைக்கு எழும் இடைவெளி நல்லதுதான், ஆனால் கண்ணுக்கு அது மட்டும் போதாது.

2. அந்த 20 வினாடியில் பத்து முறை இமைகள் நன்றாகத் தொடும்படி மெதுவாகச் சிமிட்டட்டும்.

3. திரை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மேல்நோக்கிப் பார்க்கும்போது விழி அகலமாகத் திறந்து சீக்கிரம் உலர்கிறது. போனைவிடப் பெரிய திரையில், கை நீட்டும் தூரத்தில் பார்ப்பது நல்லது. வீட்டில் டிவி இருந்தால் பாடக் காணொளிகளை அதில் போடலாம்.

4. மின்விசிறிக் காற்றும் ஏசிக் காற்றும் நேராக முகத்தில் அடிக்காதபடி இடத்தை மாற்றுங்கள்.

5. மருத்துவர் சொன்னால், சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். இமை ஓரத்தில் கட்டிய எண்ணெய் இளகும்.

6. இருட்டில் படுத்துக்கொண்டு போன் பார்ப்பதை நிறுத்துங்கள். பெரியவர்களாகிய நாமும் நிறுத்தினால்தான் பிள்ளைகள் கேட்பார்கள்.

ஒளு செய்யும்போது தினமும் பலமுறை முகம் கழுவுகிறோமே, அது போதாதா என்று ஒரு தாயார் கேட்டார். இமையும் முகமும் சுத்தமாகின்றன, அது நல்லது. ஆனால் குழாய்த் தண்ணீர் கண்ணீருக்கு ஈடாகாது. கண்ணைத் திறந்து உள்ளே தண்ணீரை அடிக்க வேண்டாம். நோன்பு நாளில் சொட்டு மருந்து விடலாமா என்றும் கேட்கிறார்கள். கண்ணில் மருந்து விடுவதால் ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது. மனம் ஒப்பாவிட்டால் மருந்தை நீங்களே நிறுத்திவிடாமல், ஸஹருக்கு முன்னும் இஃப்தாருக்குப் பின்னுமாக நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

கண் சிவந்தால் மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவது நம்மிடையே பெரிய தவறான பழக்கம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். விட்டதும் சிவப்பு மறையும், பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், மறுபடி வாங்குவோம். தொடர்ந்து விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே பாழாகலாம். கண்புரையும் வரலாம். போன பார்வை நரம்பு திரும்பாது.

உலர்வுக்கு சுர்மா நல்லது என்று சில வீடுகளில் பிள்ளைகளுக்கு இட்டுவிடுகிறார்கள். இன்று கடைகளில் விற்கும் சுர்மா பலவற்றில் ஈயம் இருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சுர்மாவைப் பிள்ளையின் கண்ணில் வைக்காதீர்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன் ஆகியவையும் வேண்டாம்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கூடுதல் விலை சொல்வார்கள். 17 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2023இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வின்படி, கணினி பார்ப்பதால் வரும் கண் களைப்பை அது சாதாரணக் கண்ணாடியைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தை முறையான பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

திடீரென மாறுகண் விழுதல், திடீரென எந்நேரமும் இரண்டாகத் தெரிதல், வாந்தியோடு கடுமையான தலைவலி, வலியோடு கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமை, கண்மணியில் வெள்ளை தெரிதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிறு பிள்ளைக்குக் கண் வறட்சியோடு மாலையில் பார்வை தடுமாறினால் அது வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். அதற்கும் தாமதம் கூடாது.

அந்தப் பையன் இப்போது

மருத்துவமனையில் சொன்ன பயிற்சியை அவன் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தான். தாயார் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைத்தார். நுக்தாக்கள் இப்போது ஒன்றாகவே தெரிகின்றன, அல்ஹம்துலில்லாஹ். தலைவலி குறைந்துவிட்டது. மதிப்பெண் ஒரேயடியாக உயர்ந்துவிடவில்லை. விட்டுப்போன பாடங்கள் நிறைய இருந்தன, அவற்றை அவன்தான் படித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. படிக்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது என்று அவனே வந்து சொன்னான். அன்று நான் பேசியதற்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். “பரவாயில்ல மாமா” என்று சிரித்தான்.

கல்வி உதவி விண்ணப்பத்தில் இந்த ஆண்டு முதல் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: ‘படிக்கும்போது பிள்ளைக்குக் கண் எரிச்சல், தலைவலி, எழுத்து இரண்டாகத் தெரிதல் உண்டா?’ தயவுசெய்து பிள்ளையிடம் கேட்டு நிரப்புங்கள். ‘உண்டு’ என்று எழுதுவதால் உதவித்தொகை குறையாது. கண் பரிசோதனைக்கு அழைத்துப் போக ஆள் இல்லாத வீடுகளுக்கு நம் அலுவலகத்திலிருந்து துணைக்கு வருவார்கள், இன்ஷா அல்லாஹ். மதிப்பெண் குறைந்த பிள்ளையின் உதவியை நிறுத்துவது பற்றிப் பேசுமுன், அந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்கிறது என்று இனி முதலில் பார்ப்போம்.